312 கட்டுரைகளும் ஓர் இனிஷியலும்

கீழ்வீட்டு மாமா ஞாயிற்றுக்கிழமை காலையில் மாடியேறி வந்தார். ஸ்டென்ட் வைத்த பிறகு படி ஏறக் கூடாது என்று எந்த டாக்டரும் அவரிடம் சொல்லவில்லை. ஆனாலும் அவர் ஏறுவதில்லை. அதனால் விஷயம் பெரியது என்று புரிந்தது. கையில் பதினெட்டுப் பக்க அச்சுப் பிரதி இருந்தது. அமெரிக்காவில் இருக்கும் மகன் அனுப்பியதாம். தில்லிக்கு அவ்வப்போது வந்து நோயாளிகளைப் பார்க்கும் தமிழரான ஒரு மருத்துவப் பேராசிரியரின் வெளியீட்டுப் பட்டியல் அது. நோய் எதிர்ப்பியலும் இதய நோயும் சந்திக்கும் இடத்தில் ஆராய்ச்சி செய்கிறவர். மாமாவின் ரத்தப் பரிசோதனையில் அழற்சி அளவு கூடுதலாக இருப்பதாகச் சொன்னதிலிருந்து வீட்டில் இந்தப் பேச்சுத்தான்.

“312 கட்டுரைகள்” என்றார் மாமா, அறுபதாம் கல்யாணத்தில் விழுந்த மொய்யைச் சொல்வது போல. “நீதானே நூலகத்தில் இதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாய். இவர் பெரிய ஆள்தானே, சொல்.”

நான் மருத்துவன் இல்லை. தில்லியில் ஒரு மருத்துவ நூலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். மருத்துவக் கட்டுரைகளைப் பட்டியலிடும் இண்டெக்ஸ் மெடிகஸ் என்ற தடித்த அட்டவணைத் தொகுதிகளைத் தூக்கித் தூக்கி முதுகு போன தலைமுறை. 1879இல் ஜான் ஷா பில்லிங்ஸ் தொடங்கிய அந்த அட்டவணை 2004இல் அச்சேறுவது நின்றது. அதன் வேலையை இன்று செய்வது பப்மெட் என்ற இணையதளம். 1997 முதல் எவரும் காசு கொடுக்காமல் பார்க்கலாம். மாமாவின் மகன் எடுத்ததும் அதிலிருந்துதான். எத்தனை கட்டுரை என்று நான் எண்ணவில்லை. முதலில் பெயரைப் பார்த்தேன்.

தமிழனின் பெயரைப் போல ஆய்விதழ் அட்டவணைகளைக் குழப்பியது வேறொன்றும் இல்லை. நமக்கு இனிஷியல் முன்னால் வரும், அது அப்பாவின் பெயர். அட்டவணைக்குக் குடும்பப் பெயர் வேண்டும். நம்மிடம் அப்படி ஒன்று கிடையாது. இனிஷியலை விரித்து எழுதும்போது அப்பாவின் பெயர் சில வேளை முன்னால் விழும், சில வேளை பின்னால் விழும். பின்னால் விழுந்தால் அதுவே குடும்பப் பெயராகிவிடும். கட்டுரை எழுதிய பெருமை முழுவதும் அப்பாவுக்குப் போகும். போதாக்குறைக்கு, 2002க்கு முந்தைய கட்டுரைகளுக்குப் பப்மெட்டில் ஆசிரியரின் முழுப் பெயர் கிடையாது, எழுத்துகள் மட்டும்தான். ‘குமார் எஸ்’ என்று தேடிப் பாருங்கள், ஒரு தேர்த் திருவிழாக் கூட்டம் வந்து நிற்கும்.

இதற்கு நல்ல எடுத்துக்காட்டு தில்லியிலேயே இருக்கிறது. இதய நோய் மக்களிடையே எப்படிப் பரவியிருக்கிறது என்பதை ஆராய்வதில் உலகம் அறிந்த பெயர் துரைராஜ் பிரபாகரன். அவருடைய கட்டுரைகளைத் தேடினால் பெரும்பாலானவை ‘பிரபாகரன் டி’ என்ற பெயரில் கிடைக்கும். ஆனால் தெற்காசியர்களுக்கு மாரடைப்பு ஏன் இள வயதிலேயே வருகிறது என்று ஆராய்ந்து 2007இல் ‘ஜாமா’ இதழில் வந்த, பலரும் மேற்கோள் காட்டும் கட்டுரையில் அவர் ‘துரைராஜ் பி’. முதல் மாரடைப்பு வரும் சராசரி வயது நமக்கு 53, மற்ற நாட்டவருக்கு 58.8 என்று சொன்ன கட்டுரை அது. ஒரு பெயரில் மட்டும் தேடுகிறவருக்கு இது அகப்படாது. இந்தத் தொல்லைக்காகவே 2012இல் ஆர்சிட் என்ற 16 இலக்க அடையாள எண் வந்தது. அது வந்த பிறகு எழுதத் தொடங்கியவர்களுக்குக் கவலை குறைவு. அதற்கு முன் எழுதியவர்களின் பட்டியலை யாராவது உட்கார்ந்து பிரிக்க வேண்டும்.

மாமாவின் அச்சுப் பிரதியில் ஏழாம் பக்கத்தில் இறால் வளர்ப்புக் குளங்களின் நீரைப் பற்றி இரண்டு கட்டுரைகள் இருந்தன. பதினோராம் பக்கத்தில் பல் வேர் சிகிச்சை. பேராசிரியர் பன்முகத் திறமை கொண்டவர் என்று மாமா நினைத்திருந்தார். ஒரே இனிஷியல் கொண்ட குறைந்தது மூன்று பேர் அந்தப் பட்டியலில் குடியிருந்தார்கள். பென்சிலால் அடித்துக்கொண்டே போனதில் 312 என்பது 190க்குப் பக்கத்தில் வந்து நின்றது. மாமாவின் முகம் வாடியதைப் பார்த்து எனக்கே பாவமாகிவிட்டது.

மிஞ்சிய 190இலும் எல்லாம் ஒரே எடை இல்லை. பாதிக்கு மேல் மற்றவர்கள் செய்த ஆராய்ச்சியைத் தொகுத்துச் சொல்லும் மீள்பார்வைக் கட்டுரைகள், ஆசிரியருக்குக் கடிதங்கள், ஒரே ஒரு நோயாளியைப் பற்றிய குறிப்புகள். இவை வேண்டாதவை என்று சொல்ல மாட்டேன். 1999இல் ரசல் ராஸ் எழுதிய ‘தமனித் தடிப்பு என்பது ஓர் அழற்சி நோய்’ என்ற கட்டுரையே மீள்பார்வைதான். இந்தத் துறையில் அதைப் போல மேற்கோள் காட்டப்பட்டவை மிகச் சிலவே இருக்கும். ஆனால் மேற்கோள் எண்ணிக்கை உயர்ந்து கிடக்கும்போது, அது புதிதாகக் கண்டதற்கா, கண்டதையெல்லாம் அழகாக அடுக்கியதற்கா என்று கேட்டுக்கொள்ள வேண்டும். மருத்துவ ஆய்வில் முதல் பெயர் கை நோக வேலை செய்தவருடையது, கடைசிப் பெயர் பெரும்பாலும் ஆய்வகத்தின் தலைவருடையது. நடுவில் வருகிறவர்கள் பந்தியில் இலை போட்டவரிலிருந்து பாயசம் ஊற்றியவர் வரை யாராகவும் இருக்கலாம். பெரிய மருந்துப் பரிசோதனைகளில் நோயாளிகளைச் சேர்த்துக் கொடுத்த மருத்துவமனைகளின் பெயர்களே பக்கக் கணக்கில் நீளும்.

எச்-எண் என்று ஒன்றையும் மகன் அடிக்கோடிட்டு அனுப்பியிருந்தார். 2005இல் ஜார்ஜ் ஹிர்ஷ் என்ற இயற்பியலாளர் கொண்டுவந்த கணக்கு அது. எச் 40 என்றால் குறைந்தது 40 முறை மேற்கோள் காட்டப்பட்ட கட்டுரைகள் 40 இருக்கின்றன என்று பொருள். வயதானால் தானாக ஏறும், ஒருபோதும் இறங்காது. அந்த வகையில் மாமாவின் சர்க்கரை அளவைப் போல. எண்ணிக்கையைப் பற்றி ஒரே ஒரு செய்தியைச் சொல்லிவிட்டு நகர்கிறேன். ஜான் அயனிடிஸும் உடன் ஆய்ந்தவர்களும் 2018இல் ‘நேச்சர்’ இதழில், 5 நாட்களுக்கு ஒரு முழுக் கட்டுரை என்ற வேகத்தில் வெளியிடும் விஞ்ஞானிகள் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள் என்று கணக்கிட்டுக் காட்டினார்கள். 5 நாளில் ஒரு கட்டுரையைக் கவனமாகப் படித்து முடிப்பதே எனக்குச் சிரமம்.

அப்படியானால் ஒரு பட்டியலை எப்படித்தான் வாசிப்பது? ஒருவர் இத்தனை ஆண்டுகளில் என்ன கேள்வி கேட்டார், அதை எப்படி அடுத்த கேள்விக்கு நகர்த்தினார், விடை ‘இல்லை’ என்று வந்தபோது என்ன செய்தார் என்று தேதிவாரியாக, பழையதிலிருந்து புதியதற்கு வாசிக்க வேண்டும். பப்மெட் புதியதை மேலே வைக்கும். நான் எப்போதும் தலைகீழாகத் திருப்பிக்கொள்வேன். மாமாவுக்கு விளங்கச் சொல்ல, எவரும் சரிபார்க்கக் கூடிய பட்டியல் ஒன்றை எடுத்துக்கொண்டேன். பாஸ்டன் நகரில் பிரிகாம் மருத்துவமனையில் இருக்கும் பால் ரிட்கருடையது. மாமாவின் ரத்த அறிக்கையில் இருக்கும் சி.ஆர்.பி. என்ற மூன்றெழுத்து, அழற்சியைக் காட்டும் புரதம், இதய மருத்துவத்துக்குள் வந்ததில் அவருக்குப் பெரும் பங்கு உண்டு.

அதற்கு முன் அழற்சி என்றால் என்ன என்று மாமா கேட்டார். அடுப்பங்கரையில் கை சுட்டால் சிவந்து, வீங்கி, சூடேறி வலிக்கிறதே, அதுதான். உடலின் காவல் படை ஓடி வந்து நிற்பதன் அடையாளம். தமனியின் உட்சுவரிலும் அது நடக்கிறது என்று ஜெர்மன் மருத்துவர் ருடால்ஃப் விர்சோ 1856 வாக்கிலேயே எழுதினார். ஆனால் 1913இல் ரஷ்யாவில் அனிட்ச்கோவ் முயல்களுக்குக் கொலஸ்டிரால் கொடுத்துத் தமனியில் தடிப்பை உண்டாக்கிக் காட்டிய பிறகு, கொழுப்புத்தான் குற்றவாளி என்ற கட்சி வலுத்தது. தமனி என்பது குழாய், கொழுப்பு என்பது அடைப்பு, ஸ்டென்ட் என்பது பிளம்பர் வேலை. இன்றும் பலர் மனத்தில் இருக்கும் படம் இதுதான். 1986இல் ஸ்வீடனில் ஜோனாசனும் ஹான்சனும் மற்றவர்களும், மனிதத் தமனித் தடிப்பை வெட்டிச் சாயமேற்றிப் பார்த்தபோது உள்ளே கொழுப்போடு டி-செல்கள் என்னும் எதிர்ப்பு அணுக்கள் குவிந்திருந்தன. சாக்கடை அடைப்பில் போலீஸ்காரர்களுக்கு என்ன வேலை?

வேலை இருந்தது. தமனிச் சுவருக்குள் நுழையும் கெட்ட கொழுப்பை வெள்ளணுக்கள் விழுங்குகின்றன. விழுங்கி விழுங்கி நுரைபோல் உப்பி அங்கேயே சாகின்றன. உள்ளே கொலஸ்டிரால் படிகங்களாக உறைந்தால், அணுவுக்குள் இருக்கும் ஓர் அபாய மணி அடிக்கிறது; 2010இல் ‘நேச்சர்’ இதழில் வந்த கண்டுபிடிப்பு இது. மணி அடித்தால் இன்டர்லூக்கின்-1 பீட்டா என்ற புரதம் வெளிவரும். அது இன்டர்லூக்கின்-6 என்ற இன்னொன்றைக் கிளப்பும். அந்தச் செய்தி கல்லீரலை எட்டினால் கல்லீரல் சி.ஆர்.பி.யைச் சுரக்கும். ஆகவே மாமாவின் அறிக்கையில் இருக்கும் சி.ஆர்.பி., எங்கோ நடக்கும் சண்டையின் சத்தம் மூன்று தெரு தாண்டிக் கேட்பதைப் போன்றது. சண்டை தமனியில்தானா, பல் ஈறிலா, முழங்காலிலா என்று அது சொல்லாது.

இப்போது ரிட்கரின் பட்டியலுக்கு வருவோம். 1997இல் ‘நியூ இங்கிலாந்து’ மருத்துவ இதழில் ஒரு கட்டுரை. அமெரிக்க ஆண் மருத்துவர்களிடம் பல ஆண்டுகளுக்கு முன் எடுத்து உறைய வைத்திருந்த ரத்தம் அவருக்குக் கிடைத்தது. பின்னாளில் மாரடைப்போ பக்கவாதமோ ரத்தக்குழாயில் உறைவோ வந்த 543 பேரையும் வராத 543 பேரையும் ஒப்பிட்டார். நலமாக இருந்த காலத்திலேயே சி.ஆர்.பி. மிகக் கூடுதலாக இருந்தவர்களுக்கு, பிற்பாடு மாரடைப்பு ஏறக்குறைய மூன்று மடங்கு வந்திருந்தது. ஆஸ்பிரினும் அவர்களுக்குத்தான் கூடுதலாக உதவியிருந்தது. சரி, முன்கூட்டியே சொல்கிறது. காரணமும் அதுதானா?

அடுத்த படி 2008இல், ஜூபிட்டர் பரிசோதனை. கொழுப்பு அதிகமில்லாத, ஆனால் சி.ஆர்.பி. உயர்ந்த 17,802 பேர். பாதிப் பேருக்கு ரோசுவாஸ்டாட்டின் என்ற ஸ்டாட்டின் மாத்திரை, பாதிப் பேருக்கு மருந்தில்லாத வெற்று மாத்திரை. மாரடைப்பு முதலிய நிகழ்வுகள் 44 விழுக்காடு குறைந்தன. சேர்ந்தவர்களைச் சராசரியாக இரண்டு ஆண்டுகூடப் பின்தொடராத நிலையில் பரிசோதனையையே நிறுத்திவிட்டார்கள். கொண்டாட்டம்தான். ஆனால் நூலகத்தில் அந்த இதழ் வந்தபோது ஓர் இளம் மருத்துவர் என் மேசையருகே நின்று முணுமுணுத்தது நினைவிருக்கிறது: ஸ்டாட்டின் கொழுப்பையும் குறைக்கிறது, அழற்சியையும் குறைக்கிறது, எதனால் பலன் என்று எப்படித் தெரியும்? நியாயமான முணுமுணுப்பு. பணம் கொடுத்தது அந்த மாத்திரையைத் தயாரிக்கும் அஸ்ட்ராசெனெகா என்பதும், சி.ஆர்.பி. தொடர்பான காப்புரிமையில் ரிட்கரின் பெயர் இருப்பதும் கட்டுரையின் அடியில் பொடி எழுத்தில் இருந்தன. பட்டியலை வாசிக்கிறவர் பொடி எழுத்தையும் வாசிக்க வேண்டும். அது இருப்பதனாலேயே கட்டுரை பொய்யாகிவிடாது. வாசிப்பவரின் கண் கொஞ்சம் கூர்மையானால் போதும்.

அந்தக் கேள்விக்கு விடை சொன்னது 2017இல் வந்த கான்டோஸ் பரிசோதனை. முன்பே மாரடைப்பு வந்து, சி.ஆர்.பி.யும் உயர்ந்திருந்த 10,061 பேரில் பெரும்பகுதியினருக்கு, கொழுப்பைத் தொடாமல் இன்டர்லூக்கின்-1 பீட்டாவை மட்டும் பிடித்துக் கட்டும் கானாகினுமாப் என்ற ஊசியை மூன்று மாதத்துக்கு ஒரு முறை போட்டார்கள். 150 மில்லிகிராம் போட்டவர்களுக்கு மாரடைப்பு, பக்கவாதம், இதயச் சாவு மூன்றும் சேர்ந்த கணக்கு 15 விழுக்காடு குறைந்தது. கொழுப்பு அசையவே இல்லை. விர்சோவுக்குப் பிறகு 160 ஆண்டுகள் கழித்து, அழற்சியைக் குறைத்தால் இதயம் பிழைக்கும் என்பதற்கு மனிதரில் நேரடிச் சான்று கிடைத்தது. ஆனால் அதே கட்டுரையில் இன்னொன்றும் இருந்தது. ஊசி போட்டவர்களில் தொற்று நோயால் செத்தவர்கள் கூடுதல். மொத்தச் சாவு எண்ணிக்கையில் குறிப்பிடத்தக்க வேறுபாடே இல்லை. காவல் படையைக் கலைத்தால் திருடன் வருவான். அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு அந்த ஊசியை இதய நோய்க்கு அனுமதிக்கவில்லை.

எனக்குப் பிடித்த கட்டுரை இதற்கும் அடுத்தது. வாத நோய்க்குக் கொடுக்கும் பழைய, மலிவான மெத்தோட்ரெக்சேட் மாத்திரையை 4,786 பேரில் பாதிப் பேருக்குக் கொடுத்துப் பார்த்த சர்ட் பரிசோதனை. 2018 நவம்பரில் முடிவு வெளியானது: பலன் இல்லை. சி.ஆர்.பி.யும் இறங்கவில்லை, இன்டர்லூக்கின்களும் இறங்கவில்லை, மாரடைப்பும் குறையவில்லை. ஒரே மனிதர், ஒரே கேள்வி, ஓராண்டு இடைவெளியில் ஓர் ‘ஆம்’, ஓர் ‘இல்லை’. இரண்டையும் ஒரே இதழில் ஒரே நேர்மையோடு வெளியிட்டிருக்கிறார். அந்த ‘இல்லை’ வந்த பிறகுதான், ஏதோ ஓர் அழற்சியைக் குறைத்தால் போதாது, இன்டர்லூக்கின்-1, இன்டர்லூக்கின்-6 ஓடும் அந்தக் குறிப்பிட்ட வாய்க்காலை அடைக்க வேண்டும் என்று தெளிவானது. எண்ணிக்கைப் பித்தர்களுக்கு அது பட்டியலில் இன்னொரு வரி. எனக்கு அந்தப் பட்டியலின் நடுத்தூண் அதுதான்.

இந்த இடத்தில் மாமாவுக்குக் கொட்டாவி வந்துவிட்டது. அதனால் செங்காந்தளைக் கொண்டுவந்தேன். நம் மாநிலப் பூ. சங்கப் பாடல்களில் குருதி நிறத்துக்கு உவமையாக வரும் அதே பூ. கண்வலிக்கிழங்கு என்ற பெயரில் ஒட்டன்சத்திரம், மூலனூர், தாராபுரம் பக்கத்தில் கம்பிப் பந்தல் போட்டுப் பயிரிடுகிறார்கள், விதைக்குத்தான் விலை. மாமாவுக்குச் சொந்த ஊர் தாராபுரம் பக்கம் என்பதால் நிமிர்ந்து உட்கார்ந்தார். அந்த விதையிலிருந்து எடுக்கும் கோல்ச்சிசின், மூட்டில் யூரிக் அமிலம் உறைந்து வரும் கவுட் நோய்க்கு நெடுங்காலமாகக் கொடுத்துவரும் மருந்து. கவுட்டிலும் படிகம்தான், தமனியிலும் படிகம்தான். இரண்டு இடத்திலும் அடிப்பது அதே மணி. கோல்ச்சிசின் வெள்ளணுக்களுக்குள் இருக்கும் நுண்குழல்களைக் குலைத்து அந்த மணியின் நாக்கைக் கட்டுகிறது.

நாளுக்கு அரை மில்லிகிராம் கோல்ச்சிசின், 2019இல் கோல்காட் பரிசோதனையில், புதிதாக மாரடைப்பு வந்த 4,745 பேரிடம் நிகழ்வுகளை 7.1 விழுக்காட்டிலிருந்து 5.5 ஆகக் குறைத்தது. அடுத்த ஆண்டு நாட்பட்ட இதய நோயாளிகள் 5,522 பேரிடம் 9.6இலிருந்து 6.8 ஆனது. 2023இல் அமெரிக்காவில் இதய நோய்க்கென்றே குறைந்த அளவு கோல்ச்சிசினுக்கு அனுமதி கிடைத்தது. கதை இத்துடன் முடிந்திருந்தால் தாராபுரத்துக்கு ஒரு சிலை வைத்திருக்கலாம். 2024இல் கிளியர் என்ற பரிசோதனையில் மாரடைப்பு வந்த 7,062 பேர் சேர்ந்தார்கள். கோல்ச்சிசின் தின்றவர்களில் 9.1, வெற்று மாத்திரை தின்றவர்களில் 9.3. வித்தியாசமே இல்லை. இதை மறைத்துவிட்டு முன்னிரண்டை மட்டும் மேற்கோள் காட்டும் மீள்பார்வைக் கட்டுரை ஒன்றை 2025க்குப் பிறகு யாராவது எழுதியிருந்தால், அவருடைய பட்டியலில் அந்த வரியின் பக்கத்தில் நான் ஒரு கேள்விக்குறி போடுவேன். அந்தக் கிழங்கும் விதையும் கொடிய நஞ்சு என்பதையும் மாமாவிடம் சொன்னேன். ஊரிலிருந்து யாரையாவது அனுப்பச் சொல்லிவிடுவாரோ என்ற பயம்தான்.

இந்தத் துறையில் வழுக்கி விழுந்த பழைய கதையும் ஒன்று உண்டு. இதயம் பலவீனமானவர்களின் ரத்தத்தில் டி.என்.எஃப். என்ற அழற்சிப் புரதம் எகிறிக் கிடக்கிறது என்று 1990இல் லெவைனும் மற்றவர்களும் காட்டினார்கள். சரியான அளவீடு, நல்ல கட்டுரை, அதன்மீது நூற்றுக்கணக்கான கட்டுரைகள். டி.என்.எஃபைக் கட்டும் மருந்துகள் வந்ததும் அவற்றைக் கொடுத்துப் பார்த்தார்கள். இன்ஃப்ளிக்சிமாப் கூடுதல் அளவில் பெற்றவர்கள் நிலைமை மோசமானது என்று 2003இல் தெரிந்தது. எடனர்செப்ட் உதவவில்லை என்று 2004இல் தெரிந்தது. புகை வருகிற இடத்தை அடைத்தால் தீ அணைந்துவிடுமா? 1990க்கும் 2003க்கும் இடையில் அந்த ஒரு புரதத்தை வைத்தே பேராசிரியரானவர்கள் பலர் இருந்திருப்பார்கள். அவர்கள் தவறு செய்தவர்கள் இல்லை. ஆனால் அவர்களுடைய பட்டியலின் நீளம் ஒரு நோயாளிக்கும் உதவவில்லை.

தவறு செய்தவர்களும் உண்டு. பியரோ அன்வெர்சா, ஹார்வர்டின் பெரிய பெயர். செத்த இதயத் தசையை எலும்பு மஜ்ஜை அணுக்கள் மீட்டெடுக்கின்றன என்று 2001இல் ‘நேச்சர்’ இதழில் எலிகளை வைத்து அவருடைய குழு எழுதியது. 2004இல் அதே ‘நேச்சர்’ இதழில் இரண்டு தனித்தனிக் குழுக்கள், எங்கள் எலிகளில் அப்படி ஒன்றும் நடக்கவில்லை என்று எழுதின. பட்டியல் நிற்கவில்லை, வளர்ந்துகொண்டே போனது. 2011இல் மனிதர்களிடம் செய்த பரிசோதனை ‘லான்செட்’ இதழில் வந்தது. 2017இல் அவர் பணியாற்றிய மருத்துவமனைக் குழுமம், ஆய்வு நிதியை மோசடியாகப் பெற்றதான குற்றச்சாட்டைத் தீர்க்க அமெரிக்க அரசுக்கு 1 கோடி டாலர் கட்ட ஒப்புக்கொண்டது. 2018 அக்டோபரில் அவருடைய ஆய்வகத்தின் 31 கட்டுரைகளைத் திரும்பப் பெற வேண்டும் என்று ஹார்வர்டும் பிரிகாமும் ஆய்விதழ்களிடம் கேட்டுக்கொண்டன. 2004க்கும் 2018க்கும் இடையில் அவருடைய பட்டியலை எண்ணியவர்களுக்கு எண் மட்டும் தெரிந்தது; எதிர்க்கட்டுரைகளைப் படித்தவர்களுக்கு விஷயம் முன்பே தெரிந்தது.

அதன் வால் இன்னும் சுவையானது. பொய்த்துப்போன அந்தத் துறையைக் குப்பையில் போடாமல், ஜெஃப்ரி மோல்கென்டினின் குழு ஒன்றைக் கேட்டது: அணுக்கள் தசையாக மாறவில்லை என்றால், சில எலிகளுக்கு ஏன் கொஞ்சமாவது நலமானது? ‘நேச்சர்’ 2020இல் விடை வந்தது. ஊசி குத்திய இடத்துக்கு எதிர்ப்பு அணுக்கள் ஓடி வந்தன, அவை தழும்பைச் சீர்செய்தன, அவ்வளவுதான். செத்த அணுக்களைக் குத்தினாலும் அதே பலன். அணுவே இல்லாத, ஈஸ்டிலிருந்து எடுத்த ஒரு பொருளைக் குத்தினாலும் அதே பலன். இதய மருத்துவர்கள் இருபது ஆண்டு தேடியதன் பதில் நோய் எதிர்ப்பியலாளர்களின் பெட்டியில் கிடந்திருக்கிறது.

ஆனால் தில்லியில் உட்கார்ந்து இதயமும் எதிர்ப்பாற்றலும் என்று பேசினால், என் நினைவுக்கு முதலில் வருவது பாஸ்டன் இல்லை. சஃப்தர்ஜங் மருத்துவமனைக்கு எதிரே, எய்ம்ஸ் வாசலில், இரவில் போர்வை விரித்துப் படுத்திருக்கும் குடும்பங்கள். பீகாரிலிருந்தும் கிழக்கு உத்தரப் பிரதேசத்திலிருந்தும் இதய வால்வு கெட்டுப்போன பிள்ளைகளை அழைத்துக்கொண்டு வருகிறவர்கள் அதில் இருப்பார்கள். தொண்டைப் புண்ணில் தொடங்கும் நோய் அது. ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கிருமியின் புரதம் ஒன்று இதயத்தின் புரதத்தைப் போலவே இருப்பதால், கிருமியை அடிக்கக் கிளம்பிய படை வால்வையும் சேர்த்து அடிக்கிறது. மூட்டுகளை நக்கி இதயத்தைக் கடிக்கும் என்று 1884இல் பிரெஞ்சு மருத்துவர் லாசெக் சொன்ன ருமாட்டிக் காய்ச்சல்.

எய்ம்ஸ் 1956இல் தொடங்கியது. ஏழே ஆண்டில், 1963இல், அங்கிருந்து சுஜாய் ராய், பாட்டியா, லசாரோ, ராமலிங்கசுவாமி ஆகிய நால்வர் ‘லான்செட்’ இதழில் சில பக்கங்களே கொண்ட ஒரு கட்டுரை எழுதினார்கள். இதயத்தின் மைட்ரல் வால்வு சுருங்குவது காய்ச்சலுக்குப் பல பத்தாண்டுகள் கழித்து நடுவயதில் வரும் நோய் என்று மேலை நாட்டுப் பாடநூல்கள் சொல்லிக்கொண்டிருந்தன. இந்தியாவில் அது இருபது வயதுக்குள்ளேயே, பள்ளிப் பிள்ளைகளிடமே, கடுமையாக வருகிறது என்று இவர்கள் காட்டினார்கள். கருவிகள் குறைவு, பணம் குறைவு. வார்டில் படுத்திருக்கும் பிள்ளைகளைக் கண்ணால் பார்த்து, பாடநூலை நம்பாமல், பார்த்ததை எழுதினார்கள். என் கணக்கில் அந்த ஒரு கட்டுரையே ஓர் ஆயுளுக்குப் போதும்.

அது ஏன் இப்படி நடக்கிறது என்ற கேள்வியைப் பிறகு வேறு ஊர்கள் எடுத்துக்கொண்டன. 1995இல் பிரேசிலின் சாவ் பாவ்லோவில் லூயிசா கில்ஹெர்மேயும் ஜார்ஜ் கலிலும் மற்றவர்களும், அறுவை சிகிச்சையில் எடுத்த வால்வுகளிலிருந்து டி-செல்களைப் பிரித்து வளர்த்தார்கள். அவை கிருமியின் துண்டையும் இதயத்தின் துண்டையும் ஒன்றுபோலவே அடையாளம் கண்டன. ஒரே போலீஸ்காரர், இரண்டு பேரையும் ஒரே வாரண்டில் பிடிக்கிறார். நோய் பரவியிருந்த நாட்டில், வால்வு மாற்றும் அறுவை சிகிச்சை அன்றாடம் நடந்த ஊரில்தான் அந்த ஆய்வு முடியும். 2015ஆம் ஆண்டில் இந்த நோயோடு வாழ்ந்தவர்கள் உலகில் சுமார் 3.34 கோடி, செத்தவர்கள் 3,19,400 என்று பின்னர் ஒரு மதிப்பீடு வந்தது. நோயாளிகள் எண்ணிக்கையில் இந்தியாதான் முதலில். உகாண்டாவில், எக்கோ பரிசோதனையில் மட்டும் தெரியும் ஆரம்ப நிலை நோய் உள்ள 818 பிள்ளைகளில் பாதிப் பேருக்கு மாதாமாதம் பெனிசிலின் ஊசி போட்டுப் பார்த்தார்கள். இரண்டு ஆண்டில் ஊசி போட்டவர்களில் 0.8 விழுக்காட்டினருக்கும், போடாதவர்களில் 8.2 விழுக்காட்டினருக்கும் நோய் முற்றியது. பெனிசிலின் 1940களின் மருந்து. கான்டோஸ் ஊசியின் விலைக்கு முன் அதன் விலை ஒன்றுமே இல்லை. ஆனால் பெரிய மருந்து நிறுவனம் எதுவும் இதற்குப் பணம் போடாது. அதனால் இந்தத் துறைக்காரர்களின் பட்டியல் குட்டையாகவே இருக்கும், எச்-எண்ணும் அப்படியே.

சுருட்டி வைத்திருந்த அச்சுப் பிரதியை மாமா மறுபடி விரித்தார். “சரி, மிஞ்சிய 190இல் இவர் கேட்ட கேள்வி என்ன?” எனக்குச் சந்தோஷமாக இருந்தது. பழையதிலிருந்து இருவரும் வாசித்தோம். தொடக்கத்தில் பத்து ஆண்டு எலிகளின் தமனி, வெள்ளணுக்கள். முதல் பெயர் அவருடையது. பிறகு கடைசிப் பெயராகிறார், கேள்வி மாறவில்லை. அதில் இரண்டு கட்டுரைகளின் தலைப்பிலேயே ‘பலனில்லை’ என்ற பொருள் இருந்தது. அவற்றின் பக்கத்தில் நான் நட்சத்திரம் போட்டேன். கடைசி ஆறு ஆண்டில் மீள்பார்வைகள், தலையங்கங்கள், விருந்தினர் உரைகள். நல்ல ஆய்வாளர்தான், களைத்துப்போனவர். ஆனால் 190இலும் அவர் ஒரு நோயாளிக்கு ஆஞ்சியோகிராம் பார்த்ததாகவோ மருந்து அளவை மாற்றியதாகவோ இல்லை. அதைச் செய்வது மாமாவை வாராவாரம் பார்க்கும், பட்டியலில் நான்கே கட்டுரை உள்ள அந்த இளம் மருத்துவர்.

“அப்படியானால் என் சி.ஆர்.பி.யை யாரிடம் காட்டுவது?” என்றார் மாமா. அதை எடுத்து வாருங்கள், எவ்வளவு இருக்கிறது, அந்த வாரம் சளியோ பல்வலியோ இருந்ததா என்று முதலில் பார்க்கலாம், இருந்திருந்தால் சில வாரம் கழித்து மறுபடி எடுக்கச் சொல்வார்கள் என்றேன். மாமா தயங்கினார். அறிக்கை கையில் இல்லை. டாக்டர் கணினியில் பார்த்துச் சொன்னதோடு சரி. மருத்துவமனையில் பதிவு செய்த அன்று, சர்நேம் என்ன என்று கேட்டிருக்கிறார்கள். இவர் அப்பா பெயரைச் சொல்லியிருக்கிறார். ஸ்டென்ட் வைத்த கோப்பு மாமாவின் பெயரில் இருக்கிறது. ரத்தப் பரிசோதனைகள், 1987இல் காலமான அவர் அப்பாவின் பெயரில் இருக்கின்றன. இரண்டையும் ஒன்றாக்க ஆதார் அட்டையும் ஒரு மனுவும் வேண்டுமாம். திங்கட்கிழமை ஏழரைக்கே கவுன்டரில் வரிசை நின்றுவிடும் என்பதால் ஆறே முக்காலுக்குக் கிளம்புவதாக முடிவு செய்திருக்கிறோம்.